பதிவாகாத விபத்துக்கு நிதி வராது: நம் ஊர்ச் சாலைகளைப் பாதுகாப்பாக்க அரசு நிதி பெறும் வழிகள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி வரை போகும் கடற்கரைச் சாலையில் எல்லா வகை வாகனங்களும் ஓடுகின்றன. உப்பளத்து லாரி, துறைமுகத்துக் கன்டெய்னர், மீன் ஏற்றிய வேன், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை செல்லும் பக்தர்கள், பள்ளிப் பேருந்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சாலைதான். சுப்ஹு தொழுகைக்கு இருட்டில் நடந்து போகும் பெரியவரும், மதரஸாவுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளையும் அதே சாலையைத்தான் கடக்கிறார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் நம் மாநிலமே முதலிடத்தில் இருந்தது. நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பது நம் பிள்ளைகள் மக்தபிலேயே படிக்கும் பாடம். இன்று அந்த இடையூறு வெறும் கல்லாகவும் முள்ளாகவும் மட்டும் இல்லை. வெளிச்சமில்லாத வளைவு, அழிந்துபோன வெள்ளைக்கோடு, திறந்து கிடக்கும் வாறுகால் எல்லாம் இடையூறுதான். இவற்றைச் சரிசெய்ய அரசிடம் நிதி இருக்கிறது. அது ஒரே இடத்தில் இல்லாமல் பல துறைகளில் பிரிந்து கிடக்கிறது. அது எங்கே இருக்கிறது, நம் தெருமுனைக்கு அதை எப்படிக் கொண்டுவருவது என்பதை இந்தக் கட்டுரை சொல்கிறது.

முதல் கேள்வி: அது யாருடைய சாலை?

சாலைப் பாதுகாப்பு மனுக்கள் பல தோற்றுப்போவதற்கு முதல் காரணம் முகவரி. நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் வேகத்தடை கேட்டு நகராட்சியிடம் மனு கொடுத்தால், “எங்கள் சாலை இல்லை” என்ற பதில்தான் வரும். எனவே முதலில் சாலையின் உரிமையாளரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை: தூத்துக்குடியை மதுரையுடன் இணைக்கும் 38-ஆம் எண் சாலை, பாளையங்கோட்டையுடன் இணைக்கும் 138-ஆம் எண் சாலை ஆகியவை இந்த வகை. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் நிறத்தில் இருக்கும். பொறுப்பு மத்திய அரசுடையது. அவசரப் புகாருக்கு 1033.

மாநில நெடுஞ்சாலை: தூத்துக்குடி – திருச்செந்தூர் – கன்னியாகுமரி சாலையின் எண் 176. திருச்செந்தூரிலிருந்து பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் போவது 40. கல்லின் தலை பச்சை நிறத்தில் இருக்கும். பொறுப்பு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. மாவட்ட முக்கியச் சாலைகளும் இதர மாவட்டச் சாலைகளும் இதே துறையின் கீழ்தான் வருகின்றன.

உள்ளாட்சிச் சாலை: மீதியுள்ள தெருக்களும் ஊர்ச் சாலைகளும் உள்ளாட்சி அமைப்புகளுக்கு உரியவை. காயல்பட்டினத்தில் நகராட்சி, ஆறுமுகநேரி, ஆத்தூர், உடன்குடி ஊர்களில் பேரூராட்சி, குலசேகரன்பட்டினம், வேம்பார் போன்ற ஊர்களில் ஊராட்சி, தூத்துக்குடி நகருக்குள் மாநகராட்சி.

ஒரே சந்திப்பில் இரண்டு உரிமையாளர்கள் இருப்பதும் உண்டு. நகராட்சித் தெரு நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடம் அப்படிப்பட்டது. அங்கே தெருவிளக்குக்கு ஒரு அலுவலகமும் சாலைக் கோட்டுக்கு இன்னொரு அலுவலகமும் பொறுப்பாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நிதி எங்கே இருக்கிறது?

1. மாநிலச் சாலைப் பாதுகாப்பு நிதி. போக்குவரத்து விதியை மீறியவர்களிடம் காவல் துறையும் போக்குவரத்துத் துறையும் வசூலிக்கும் இணக்கக் கட்டணத்தையும் அபராதத்தையும் அடிப்படையாகக் கொண்டு 2000-01-ல் தமிழ்நாடு அரசு இந்த நிதியை உருவாக்கியது. மாவட்டங்களிலிருந்து வரும் முன்மொழிவுகளுக்கு இதிலிருந்து பணம் ஒதுக்கப்படுகிறது. ஹெல்மெட் இல்லாமல் போய் நாம் கட்டிய அபராதத்தை நம் ஊர்ச் சந்திப்புக்கே விளக்காகவும் எதிரொளிப்பானாகவும் திரும்பக் கேட்க இதுதான் வழி.

2. நெடுஞ்சாலைத் துறையின் ஆண்டு ஒதுக்கீடு. ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் சாலை அகலப்படுத்துதல், சந்திப்பு மேம்பாடு, பாதுகாப்புப் பணிகள் எல்லாம் எடுக்கப்படுகின்றன. கோட்டப் பொறியாளரின் பட்டியலில் ஏறினால்தான் பணி நடக்கும்.

3. தேசிய நெடுஞ்சாலையில் ‘பிளாக் ஸ்பாட்’ சீரமைப்பு. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், கடந்த 3 ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அந்த இடம் பிளாக் ஸ்பாட் என்கிறது மத்திய அமைச்சகத்தின் வரையறை. அதைச் சரிசெய்யும் செலவு மத்திய அரசுடையது.

4. உள்ளாட்சி மானியம். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கு உரியது. மீதி 40 சதவீதம், சம்பளம் போன்ற நிர்வாகச் செலவுகள் தவிர, ஊரின் மற்ற தேவைகளுக்கு உரியது. தெருவிளக்கு, நடைபாதை, வாறுகால் மூடி ஆகியவற்றை இந்த வகையில் கேட்கலாம்.

5. தொகுதி மேம்பாட்டு நிதி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளம், தூத்துக்குடி, திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி என 6 தொகுதிகள் உள்ளன. உயர்கோபுர மின்விளக்கு, நிழற்குடை, சிறு சாலைப் பணிகள் இந்த நிதியில் அடிக்கடி நடக்கின்றன. நெடுஞ்சாலை நிலத்தில் என்றால் அந்தத் துறையின் தடையில்லாச் சான்று தேவை.

6. உலக வங்கி உதவி. மாநிலங்களின் சாலைப் பாதுகாப்புப் பணிகளுக்காக 2022 ஜூன் மாதம் உலக வங்கி 25 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அதில் சேர்ந்த 7 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்துகளை ஒரே முறையில் பதிவு செய்யும் தரவுத்தளம் அந்தத் திட்டத்தின் முக்கியமான பகுதி.

இந்த ஆறில் பாதுகாப்புக்கென்றே உள்ள நிதிகள் எல்லாம் ஒரு கேள்வியைக் கேட்கின்றன: இந்த இடத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது?

கணக்கில் வராத விபத்துகள்

நம் ஊர்களில் விபத்து நடந்தால் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? இடித்தவரும் தெரிந்தவர், இடிபட்டவரும் தெரிந்தவர். பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்கிறார்கள். “காவல் நிலையம், கோர்ட்டு என்று எதற்கு அலைய வேண்டும்? நடந்தது கத்ரு” என்று முடித்துவிடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த விபத்து எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் விபத்து நடந்த இடம், நேரம், சாலையின் நிலை ஆகியவற்றைக் காவலர்கள் கைப்பேசி வழியாகவே பதிவு செய்கிறார்கள். முதலில் தொடங்கிய 6 மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. எந்த இடத்துக்கு முதலில் பணம் போக வேண்டும் என்பதை அதிகாரிகள் இந்தத் தரவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு வளைவில் மூன்று ஆண்டுகளில் எட்டு விபத்து நடந்து, ஏழு பேசி முடிக்கப்பட்டிருந்தால், அரசின் கணக்கில் அது ஒரே ஒரு விபத்து நடந்த இடம். ஊரே அஞ்சும் வளைவு காகிதத்தில் பாதுகாப்பான வளைவாகிவிடும்.

மன்னிப்பது பெரிய குணம். ஆனால் மன்னிப்பதும் பதிவு செய்வதும் வெவ்வேறு. ஓட்டுநரிடம் நட்டஈடு வேண்டாம் என்று சொல்லும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. அடுத்த வாரம் அதே இடத்தில் விழப்போகும் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்காகப் பதிவு தேவைப்படுகிறது. மரணம் நேர்ந்த விபத்தில் வழக்கைச் சமரசமாக முடிப்பது குடும்பத்தின் கையில் இல்லை என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

பதிவு செய்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் வழி திறக்கிறது:

- இடித்த வாகனம் நிற்காமல் போய்விட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். விண்ணப்பத்தை வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் கொடுக்க வேண்டும்.
- தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 1 லட்சமாக இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது.
- 2025 மே மாதம் வந்த மத்திய அரசின் திட்டத்தில், விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு.
- காப்பீட்டு நட்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சட்டம் தரும் காலம் 6 மாதம்.

காயம்பட்டவரைத் தூக்கிச் சென்றால் காவல் நிலையத்தில் அலைய வேண்டிவரும் என்ற பயமும் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்தவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அவர் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

முடிவு செய்யும் இடம்: மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு

கோவையின் எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் சிதைந்த உடல்களைத் தினமும் பார்த்த வேதனையில் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2014 ஏப்ரலில் நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக்கென ஒரு குழுவை அமைத்தது. 2017 நவம்பர் 30-ல் வந்த தீர்ப்பு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், ஒவ்வொரு மாநிலத்திலும் சாலைப் பாதுகாப்பு நிதி இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் மாநிலத்து மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கு, இன்று நாடு முழுவதும் நடைமுறையாகியிருக்கிறது.

இந்தக் குழுவில் காவல் கண்காணிப்பாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், நெடுஞ்சாலைப் பொறியாளர், தேசிய நெடுஞ்சாலை, சுகாதாரம், உள்ளாட்சி அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்கிறார்கள். “எங்கள் சாலை இல்லை” என்ற பதில் எடுபடாத இடம் இது. அதனால் எந்தத் துறைக்கு மனு எழுதினாலும் ஒரு நகல் இந்தக் குழுவுக்குப் போக வேண்டும். கோரம்பள்ளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 198ஏ பிரிவையும் மனுவில் குறிப்பிடலாம். சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ பாதுகாப்புத் தரம் கைவிடப்பட்டு, அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. ஆபத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருந்தால், தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது.

என்ன கேட்பது?

“சாலையைப் பாதுகாப்பாக்கித் தாருங்கள்” என்று எழுதினால் யாராலும் மதிப்பீடு போட முடியாது. குறிப்பாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் செலவு குறைந்த வேலையே உயிரைக் காப்பாற்றும்:

- பள்ளிக்கூடம், மதரஸா, பள்ளிவாசல் முன்பு பாதசாரிகள் கடக்கும் கோடு, எச்சரிக்கைப் பலகை
- வளைவிலும் பாலத்தின் இரு முனையிலும் இரவில் ஒளிரும் எதிரொளிப்பான்கள்
- சந்திப்பில் மின்விளக்கு
- ஊருக்குள் நுழையும் இடத்தில் வேகம் குறைக்கும் பட்டைகள்
- பார்வையை மறைக்கும் முள்மரம், விளம்பரப் பலகை அகற்றம்
- சாலையோர வாறுகாலுக்கு மூடி, மண் அரித்த ஓரங்களுக்கு நிரப்பு

கடைசி வேலையின் அவசியத்தை நம் பகுதியினருக்கு விளக்கத் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலை எது, வாறுகால் எது என்று தெரியாத வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு மூடியின் மதிப்பு தெரியும்.

வேகத்தடை பற்றி ஓர் எச்சரிக்கை. தெருவில் இளைஞர்கள் சேர்ந்து இரவோடு இரவாகக் கான்கிரீட்டில் மேடு போடுவது பல ஊர்களில் நடக்கிறது. இந்திய சாலை காங்கிரஸின் 99-ஆம் எண் விதி சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ளது. வர்ணக்கோடும் எச்சரிக்கைப் பலகையும் அதற்கு வேண்டும். செங்குத்தாக எழுப்பிய மேடு, பின்னால் அமர்ந்து வரும் பெண்களையும் கர்ப்பிணிகளையும் கீழே தள்ளும். ஆம்புலன்ஸையும் தாமதப்படுத்தும். அனுமதி பெற்று, அளவுப்படி போடச் சொல்லிக் கேட்பதே சரி.

வேகத்தைக் குறைப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? கார் மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆகும்போது, நடந்து செல்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் தெருக்களில் வேகம் 30-ஐத் தாண்டக்கூடாது என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு வலியுறுத்தியது.

மனு எப்படி எழுதுவது?

ஒரு பக்கம் போதும். கீழ்க்காணும் அமைப்பைப் பயன்படுத்தலாம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் மற்றும் தலைவர், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு, தூத்துக்குடி.
நகல்: சாலைக்குப் பொறுப்பான துறை, காவல் கண்காணிப்பாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர்.
பொருள்: ....... சாலை, ....... கிலோமீட்டர் கல் அருகே உள்ள சந்திப்பில் பாதுகாப்புப் பணிகள் கோருதல்.
விபரம்: மேற்படி இடத்தில் ....... முதல் ....... வரை ....... விபத்துகள் நடந்து, ....... பேர் இறந்தும் ....... பேர் காயமடைந்தும் உள்ளனர். முதல் தகவல் அறிக்கை எண்கள்: ....... இவ்விடத்தை நாள்தோறும் ....... பள்ளி மாணவர்கள் கடக்கின்றனர். கீழ்க்கண்ட ....... பணிகளைச் சாலைப் பாதுகாப்பு நிதியிலிருந்தோ உரிய பிற நிதியிலிருந்தோ மேற்கொள்ளுமாறும், குழு கூட்டாய்வு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.
இணைப்பு: இரவிலும் பகலிலும் எடுத்த படங்கள், வரைபடம், கையொப்பங்கள்.

முதல் தகவல் அறிக்கைகளின் எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் காவல் அலுவலகத்திடம் கேட்கலாம். மனு கொடுத்து ஒரு மாதம் கழித்து அதன் நிலையைக் கேட்டு எழுதுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-லும் பதிவு செய்யலாம். ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றிய கோரிக்கைக்குக் கூடுதல் வலு உண்டு.

நல மன்றங்களின் பணம் எங்கே போக வேண்டும்?

வளைகுடாவிலும் பிற நாடுகளிலும் இருக்கும் நம் சகோதரர்களின் நல மன்றங்கள் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வாரி வழங்குகின்றன. சாலை என்று வரும்போது அந்த உதவி பெரும்பாலும் இரும்புத் தடுப்புகள் வாங்கித் தருவதோடு நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய பலன் தரும் வழி ‘நமக்கு நாமே’ திட்டம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி, 2021-ல் மீண்டும் நடைமுறைக்கு வந்த இந்தத் திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு தருகிறது. 3 லட்சம் ரூபாய் மதிப்புள்ள தெருவிளக்குப் பணிக்கு மன்றம் தர வேண்டியது 1 லட்சம்தான். பணம் தனியார் கைக்குப் போகாமல் உள்ளாட்சியின் கணக்குக்கே போக வேண்டும். பணி முடிந்த பிறகு பராமரிப்பும் உள்ளாட்சியின் பொறுப்பாகிவிடும். பழுதான விளக்குக்கு மீண்டும் வசூல் செய்ய வேண்டியதில்லை.

துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டியுள்ள ஊர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வும் ஓட்டுநர் பயிற்சியும் அதில் அடங்கும் என்று 2014-லேயே மத்திய அரசு விளக்கமளித்துள்ளது. லாரிகள் யாருக்காக ஓடுகின்றனவோ அவர்களிடம் கேட்பதில் தவறில்லை.

இந்த வாரமே தொடங்கலாம்

ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒரு பதிவேடு போடலாம். ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு இளைஞர்கள் அமர்ந்து, கடந்த மூன்று ஆண்டுகளில் ஊரில் நடந்த விபத்துகளை இடம், நாள், நேரத்துடன் எழுதினால் போதும், பெயர்கள் தேவையில்லை. எந்தச் சந்திப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்பது பதிவேட்டிலேயே தெரிந்துவிடும். அந்த ஒரே ஒரு சந்திப்புக்கு முதல் மனுவை எழுதுங்கள். சகோதரச் சமுதாயத்தினரின் கையொப்பத்தையும் சேர்த்து வாங்குங்கள்; லாரி மதம் பார்த்து இடிப்பதில்லை.

இனி ஒரு விபத்து நடந்தால், காயம்பட்டவரை 108-ல் ஏற்றிவிட்ட பிறகு, “காவல் நிலையத்தில் பதிவாகிவிட்டதா?” என்று ஒருவராவது கேட்க வேண்டும். அந்தக் கேள்வியால் இன்னொரு வீட்டின் வாப்பாவோ பிள்ளையோ பத்திரமாக வீடு திரும்பலாம், இன்ஷா அல்லாஹ்.